சுடாத தார் ரோடு

அப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸில் முதலில் என் வயிறு ஏறும்; கொஞ்ச நேரம் கழித்து நான் ஏறுவேன். ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து இறங்கியபோது ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தவன்தான். இரண்டு வருஷக் கேன்டீன் சோறு இப்படி ஆக்கிவிட்டது. ஊருக்குப் போனால் அம்மா என் வயிற்றைப் பார்த்து, "கம்பெனியில நல்லா கவனிக்காவ போல" என்று சந்தோஷப்படுவாள். எங்கள் ஊரில் தொந்திதான் சம்பளச் சான்றிதழ்.

இந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு நான்தான் வைத்தியன். வாரப் பத்திரிகைகளில் வரும் மருத்துவக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிப்பேன், அதுதான் தகுதி. வெறும் வயிற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் எந்த நோயும் அண்டாது என்று ஒருமுறை படித்துவிட்டு, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு சொம்பாகக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நோய் அண்டியதா இல்லையா என்பது தெரியாது. டிரைவர் பைபாஸில் வண்டியை ஓரங்கட்ட, நான் முள்ளுக்காட்டை நோக்கி ஓடியதை மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. அதற்குப் பிறகும் என்னிடம் வந்து வைத்தியம் கேட்டார்கள் என்றால், கேட்டவர்களின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் அண்ணாச்சி.

நாங்கள் நாலு பேர் ஓர் அறை. வயலைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த ஒரு குடும்பம், மிச்சமிருந்த களத்தில் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தது. அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கம், எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவர். கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் வெல்டிங் லைன். நான் அதே கம்பெனியில் பெயின்ட் ஷாப். அவருடைய மனைவி ஊரில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். சின்னதாக ஒரு பெண் குழந்தை. பெர்மனன்ட் ஆக வேண்டும், ஆனதும் இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். அண்ணாச்சியின் ஆசை அவ்வளவுதான். பின்தெருவில் தனி அடுப்படி உள்ள வீடு ஒன்றைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்தப் பக்கம் போனால் அடுப்படி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நடப்பார்.

அந்தக் கோடையில் அறைப் பானைத் தண்ணீர் பாதிக்கு மேல் அவர் ஒருவருக்கே போனது. உடம்பும் இளைத்தது. காலெல்லாம் மரத்துப்போன மாதிரி மதமதவென்று இருக்கிறது என்பார். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்து சர்க்கரை என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சி அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"மெடிக்கல்ல இது தெரிஞ்சிருமாடே?"

பெர்மனன்ட் செய்வதற்கு முன் கம்பெனியில் ஒரு மெடிக்கல் செக்கப் உண்டு. அதில் சர்க்கரை என்று வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது லைனில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்படி ஒரு விதி உண்மையில் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே.

ஆகவே ரகசியமாக வைத்தியம் தொடங்கியது. ரகசியம் என்றால் எங்கள் வரிசையில் இருந்த எல்லா அறைகளுக்கும் வீட்டுக்கார அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அக்கா அன்றைக்கே ஒரு மரக் குவளையுடன் வந்தார்.

"இது வேங்கை மரம் தம்பி. ராவுல தண்ணி ஊத்தி வெச்சிட்டு காலீல குடி. சுகரு இருந்த எடம் தெரியாம பூடும். எங்க மாமியாரு இதுலதான் குடிச்சிகினு இருந்துச்சி."

"இப்ப எப்பிடி இருக்காவ?" என்றார் அண்ணாச்சி.

"அது செத்து நாலு வருசம் ஆவுதுப்பா" என்றார் அக்கா, குவளையைக் கையில் கொடுத்தபடியே.

எங்கள் அறையிலிருந்த இன்னொருவன் மாத்திரை விஷயத்தில் கெட்டிக்காரன். மாத்திரையை ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாது, நிறுத்தாவிட்டால் கிட்னி போய்விடும் என்று அடித்துச் சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோவில் பேசிக்கொண்டார்கள் என்றான். என் பங்குக்கு நான் பாகற்காய்ச் சாறு. எல்லோரும் ஒன்றுபட்ட ஒரே விஷயம், அரிசியில்தான் சர்க்கரை இருக்கிறது, கோதுமையில் இல்லை என்பது. கோதுமை என்று சொல்லும்போதே ஏதோ கோயில் பிரசாதத்தைப் பற்றிப் பேசுகிற மரியாதை எங்கள் குரலில் வந்துவிடும்.

கேன்டீனில் சப்பாத்தி இருந்தது. ஒரு மூலையில் தனி ஹாட்பாக்ஸில் வைத்திருப்பார்கள். அண்ணாச்சி தட்டை நீட்டியபோது நான் பின்னால் நின்றேன்.

"தம்பி, சப்பாத்தி ரெண்டு போடேன்."

பரிமாறுகிற பையன் உள்ளூர்க்காரன். "சீட்டு கீதா?"

"எதுக்குச் சீட்டு? நாக்குக்கு ஒரு மாத்தமா இருக்கட்டுமேன்னு கேட்டேன்."

"மெடிக்கல் ரூம்ல சீட்டு வாங்கியாந்தாதான் சப்பாத்தி. நல்லா கீறவனெல்லாம் துன்னுட்டா சுகர் பேஷன்ட்டு இன்னாத்த துன்னுவான்? சோறு வாங்கிக்கோண்ணா. எவ்ளோ வோணும்னாலும் துன்னு, யாரு கேக்கப் போறா."

மெடிக்கல் ரூமில் சீட்டு வாங்க வேண்டுமானால் பெயர், டோக்கன் நம்பர், வியாதி மூன்றையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி தட்டை நகர்த்தி சோற்றுக்கு நீட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு குன்று விழுந்தது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. டீயாவது சீனி இல்லாமல் குடிக்கலாம் என்றால், டீ ஒரு பெரிய டிரம்மில் சீனி போட்டே வரும். குழாயைத் திறந்து பிடிக்க வேண்டியதுதான். சீனியில்லாத டீ கேட்டவனிடம், "உனக்குன்னு தனியா ஒரு மாடு வாங்கிக் கட்டட்டுமா?" என்று அந்தப் பையன் கேட்டது லைன் முழுக்கப் பிரபலம்.

அறையில் சமைத்திருக்கலாமே என்று தோன்றும். நாங்களும் முதலில் முறைபோட்டுச் சமைத்தவர்கள்தான். ஒருவன் முதல் ஷிப்டு, ஒருவன் இரண்டாவது, ஒருவன் ஓ.டி. என்று ஆனபோது, கீரை வாங்கியவன் தூங்குவான், ஆய வேண்டியவன் பஸ்ஸில் இருப்பான், கீரை மூலையில் கிடந்து மஞ்சளாகும். ரேஷன் கார்டு ஊரில் இருந்ததால் மண்ணெண்ணெயும் கிடையாது. கடைசியில் ஸ்டவ்வின் மேல் துணி காயப்போட்டோம்.

அப்போதுதான் அண்ணாச்சி என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தெருமுனையில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் பரோட்டாக் கடை போட்டிருந்தார். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கேட்டார்.

"ஏடே, இந்த மைதா எதுலருந்து வருது?"

நான் யோசித்தேன். படித்தவன் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். "கோதுமையிலருந்துதான் அண்ணாச்சி."

"அப்பம் பரோட்டா?"

"அதுவும் கோதுமைதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பல நாளாக வாய்க்கு ருசியாக எதுவும் தின்னாத மனிதர். மாஸ்டரைப் பார்த்து, "நாலு போடும். சால்னாவைக் கொஞ்சமா ஊத்தும், எனக்குச் சுகர் இருக்கு" என்றார். மாஸ்டரும் பரிதாபப்பட்டு, பரோட்டாவை நன்றாக எண்ணெய் விட்டு முறுகலாக எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணாச்சி ராத்திரிச் சாப்பாட்டுக்கு பரோட்டாவைத் தவிர வேறொன்றைத் தொடுவதில்லை. பத்தியம் தப்பக்கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தார். துணைக்கு நானும் பத்தியம் இருந்தேன். என் பத்தியம் ஆறு பரோட்டா.

மெடிக்கல் வந்தது. அதற்கும் லைனில் ஒரு முறை இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்தே ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்; அப்படி இருந்தால் சோதனையில் எதுவும் அகப்படாது. சர்க்கரை இருப்பவன், இல்லாதவன், இருக்கிறதோ என்று பயப்படுபவன் எல்லோரும் இதைச் செய்வார்கள். மெடிக்கல் வாரத்தில் கேன்டீனில் சோறு மிஞ்சிப்போகும். காரணம் தெரியாமல் கேன்டீன் கான்ட்ராக்டர் சமையல்காரரைத் திட்டுவார். அண்ணாச்சிக்குத் துணையாக எங்கள் அறை முழுக்கப் பட்டினி கிடந்தது. சாயங்காலம் தெருவில் மசால்வடை வாசனை வரும்வரை நானும் கிடந்தேன்.

கம்பெனி ஷெட்டுக்குள் துணி கட்டி மறைத்து, உயரம், எடை, கண், சிறுநீர் என்று வரிசையாகப் பார்த்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை. அண்ணாச்சியின் சிறுநீரில் முக்கியெடுத்த காகிதப்பட்டை நிறம் மாறவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் 'ஃபிட்' என்று முத்திரை குத்திவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு வேலைத் தந்திரமாகவே இருந்திருக்கும். ஆனால் முத்திரை விழுந்ததும் எங்கள் எல்லோருக்கும் வேறொன்று தோன்றிவிட்டது. நாங்களே செய்த தந்திரம் எங்களுக்கே மறந்துவிட்டது.

"டிஸ்பென்சரி அம்மா இருக்குங்காவ. கம்பெனி டாக்டர் இல்லைங்காவ. எவுக சொல்லுததுடே சரி?" என்றார் அண்ணாச்சி.

"கம்பெனி சும்மா முத்திரை குத்துமா அண்ணாச்சி? ஒரு நட்டு கோணலா இருந்தா ரிஜெக்ட் பண்ணுதவனுவ. உங்கள ஏத்துக்கிட்டானுவன்னா யோசிச்சுப் பாருங்க" என்றான் மாத்திரைக்காரன்.

குவளைதான் குணப்படுத்தியது என்றார் வீட்டுக்கார அக்கா. பாகற்காய் என்றேன் நான். பரோட்டா மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவரும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தார். அதுவரை விழுங்கிவந்த மாத்திரையை அண்ணாச்சி நிறுத்தினார்.

நல்லபடியாக முடிந்தால் வல்லக்கோட்டை முருகனுக்குச் செருப்பில்லாமல் நடந்து வருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். கிருத்திகையும் வார விடுமுறையும் சேர்ந்து வந்த ஒரு நாளில் கிளம்பினோம். விடிவதற்குள் கிளம்ப வேண்டியது. நான் எழுந்திருக்கத் தாமதமானதில் வெயில் ஏறிவிட்டது. அப்போது அந்த ரோட்டை அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். இருபக்கமும் மரம் கிடையாது, புளியமரங்களையெல்லாம் வெட்டியாகிவிட்டது. கண்டெய்னர் லாரிகள் போகும்போது அடிக்கிற காற்றுகூட அனலாக இருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே நான் குதிக்க ஆரம்பித்தேன். ஓரத்து மண்ணுக்கு ஓடினால் ஜல்லி குத்தும். தாருக்கு வந்தால் வேகும். கையில் பிடித்திருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு. அவரு மயில்ல போறவரு, அவருக்கு எங்க தார் ரோட்டப் பத்தித் தெரியப்போவுது" என்றேன். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி மட்டும் நடுரோட்டில் நேராக நடந்துகொண்டிருந்தார். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. வீட்டுத் தரையில் நடப்பதுபோல.

"அண்ணாச்சி, சுடலையா?"

"இல்லடே. ஒண்ணுமே தெரியல. சாமி கூட வாரான் போல." அவர் குரலில் பெருமை இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "மெடிக்கலுக்கு முந்தி இருந்த அந்த மதமதப்புகூட இப்பம் இல்ல பாத்துக்க. காலு இருக்கதே தெரியல."

எங்களுக்கு மெய் சிலிர்த்தது. நோய் போனதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தோம். கோயில் வாசலில் குழாயடியில் அவர் காலைக் கழுவியபோது, உள்ளங்கால் முழுக்கத் தோல் வெந்து, பெரிய பெரிய கொப்புளங்களாக எழும்பி, ஒன்றிரண்டு உடைந்தும் இருந்தன. அவர் காலைத் திருப்பி, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். விரலால் அழுத்தினார். வலிக்கவில்லை என்றார். பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, "சாமி எறங்கிகீதுப்பா உம்மேல. இல்லாங்காட்டி இத்த தாங்க முடியுமா?" என்று கும்பிட்டார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாரம் தவறாமல் மருத்துவக் குறிப்பு படித்தவன்.

மறுநாள் அந்தக் காலைச் சேஃப்டி ஷூவுக்குள் விட்டார். முனையில் இரும்புத் தகடு வைத்த ஷூ, கெட்டியான சாக்ஸ், வெல்டிங் லைனின் சூடு, முழு ஷிப்டு நிற்கிற வேலை. அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தார். லீவு போடுங்கள் என்று நாங்கள் சொன்னோம். பெர்மனன்ட் ஆர்டர் கைக்கு வரும்வரை ஒருநாள்கூடப் போடமாட்டேன் என்றார். போட்டால் எதற்கு என்று கேட்பார்கள், காலைக் காட்டச் சொல்வார்கள். அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. சாக்ஸ் என்றோம். எலி செத்திருக்கிறது என்று என் பெட்டியை இழுத்துப்போட்டுத் தேடினோம். வலித்திருந்தால் அவரே உட்கார்ந்திருப்பார். அந்தக் கால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆர்டர் வந்தது. அன்று அவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே காய்ச்சல் வந்து, லைனில் நின்றபடியே விழுந்தார். ஷூவைக் கழற்றியபோது கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. கறுப்பு அதோடு நிற்கவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெட்டவில்லையென்றால் ஆளையே காப்பாற்ற முடியாது என்று எழுதியிருந்த சம்மதத் தாளில், ஊரிலிருந்து ஆள் வருவதற்குள், நினைவில்லாமல் கிடந்த அவர் கையைப் பிடித்து ரேகை வாங்கியபோது பக்கத்தில் நான்தான் நின்றேன்.

மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தார். அவர் சென்னைப் பக்கம் வருவது அதுதான் முதல்முறை. பின்தெரு வீட்டின் அடுப்படிக்கு வரவேண்டியவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார்.

நான் லீவு போட்டுப் போயிருந்த நாளில் அண்ணாச்சி விழித்திருந்தார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் போனேன். என் வயிறு படியேறி வருவதற்குள் விசிட்டர் நேரம் முடிந்துவிடும்போல இருந்தது என்றேன். அவர் சிரித்தார். பிறகு, "வலிக்குடே" என்றார்.

"எங்க அண்ணாச்சி?"

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கண்ணால் காட்டினார். "பெருவிரல்ல. நெருப்புல வச்ச மாதிரி. நெசமாத்தான் சொல்லுதேன்." பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான், மாத்திரை தின்றதால்தான் இப்படிக் கால் போகிறது, தனக்குத் தெரிந்தே நாலு பேருக்குப் போயிருக்கிறது என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயைப் பொத்தலாமா என்று பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு முன்புவரை அது என் வாய்.

நர்ஸம்மா வந்து, இனிமேல் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மதினிக்குச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். சோற்றைக் குறைக்க வேண்டும், மைதாவைத் தொடவே கூடாது, கீரை, காய்கறி, முளைகட்டின பயறு, மூன்று வேளையாக இல்லாமல் ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. மதினி ஒவ்வொன்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். நர்ஸ் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க பொஸ்தகமெல்லாம் படிப்பீகன்னு இவுக சொல்லுவாக. ஒண்ணு கேக்கேன். எங்களுக்கு ரேசன் அரிசிதான். நான் காலைல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா பொழுதடையத்தான் வருவேன். எடுத்துக் குடுக்க வீட்ல ஆளு கெடையாது. இந்தக் கால வச்சிக்கிட்டு இவுகளும் அடுப்புகிட்டப் போகமுடியாது. அஞ்சாறு வேளைக்கு நான் எதப் பொங்கி வச்சிட்டுப் போக?"

நான் நர்ஸம்மா போன பக்கம் பார்த்தேன்.

"கம்பங்கஞ்சி காச்சி வச்சா கெடாது. அதுல சீனி இருக்காதுல்லா?"

இருக்காது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. பத்திரிகையில் படித்ததுகூட ஞாபகம் இருந்தது. கம்பு, கேழ்வரகு, அந்தக் காலத்து மனிதர்கள், அவர்களுடைய உடம்பு.

"தெரியல மதினி" என்றேன்.

"அப்பம் அந்தம்மாட்டயே ஒரு எட்டு கேட்டுட்டு வாங்க. நான் கேட்டா ஆட்டுன தலையத்தான் திருப்பி ஆட்டுவேன்."

எழுந்து போனேன். நர்ஸம்மா வார்டின் கோடியில் வேறொரு கட்டிலருகே நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: கீரை, காய்கறி, முளைகட்டின பயறு. அங்கேயும் சுற்றி நின்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் ஏதோ கேட்பதற்காக எனக்கு முன்னால் ஏற்கெனவே சிலர் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.